ஃபோர்க்லிஃப்ட் விபத்தில் காயமா? இழப்பீடு கோரும் முழு வழி, முதல் மணி நேரத்திலிருந்து கடைசிக் கையெழுத்துவரை

அடிபட்டவர் எதிரே வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கிடைக்கும்?" நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. "முதல் நாள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே?" என்று திருப்பிக் கேட்பேன்.

கிடங்கில் சுமை தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பல வருடம் ஓட்டினேன். பிறகு பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தரப்பில் இருந்தேன். கூட வேலை பார்த்தவர்களுக்கு இழப்பீட்டு மனு எழுதிக் கொடுத்தே பல இரவுகள் போயிருக்கின்றன. தோற்ற மனுக்களைப் பார்த்தால், உரிமை இல்லாமல் தோற்றவை மிகக் குறைவு. முதல் இரண்டு மூன்று நாளில் எழுதப்பட்ட தாள்கள் நடந்ததை வேறு மாதிரி சொன்னதால் தோற்றவைதான் அதிகம். அதனால் இங்கே முதல் சில நாட்களைப் பற்றி நிறையவே சொல்லப்போகிறேன்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். செய்ய வேண்டியவற்றின் வரிசை மாறாது. நாட்டு விதி முக்கியமாகும் இடத்தில் மட்டும் அதைத் தனியாகச் சொல்கிறேன். அடிபட்டு சில மணி நேரமே ஆகியிருந்தால் முதல் பகுதியை விட்டுவிட்டு நேராக இரண்டாவதற்குப் போங்கள்.

## 1. முன்பே கையில் இருக்க வேண்டியவை

கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், அடையாள அட்டை, ஆபரேட்டராக இருந்தால் பயிற்சிச் சான்றிதழ், ஷிஃப்ட் பட்டியல், காப்பீட்டு எண் ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். 12 மாதம் ஏன் என்றால், இழப்பீடு பெரும்பாலான நாடுகளில் சராசரிச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர்கள் இந்த இடத்திலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தளர வேண்டியதில்லை. கேட் பாஸ், வருகைப் பதிவின் புகைப்படம், "நாளைக்கு நைட் ஷிஃப்ட்" என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, சம்பளம் வாங்கிய மறுநாள் வங்கியில் போட்ட பணம் எல்லாமே வேலை உறவைக் காட்டும்.

அசல் தாள் எதையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகலைக் கொடுங்கள். மனிதவளப் பிரிவில் "பார்த்துட்டுத் தர்றோம்" என்று வாங்கி வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி திரும்பி வராமலே போனதை நான் பார்த்திருக்கிறேன்.

## 2. முதலில் மருத்துவமனை, அங்கே சொல்லும் முதல் வாக்கியம்

இரண்டரை டன் தூக்கும் சாதாரண ஃபோர்க்லிஃப்டின் சொந்த எடையே நான்கு டன்னை நெருங்கும். அது ஏறிய கால், நசுங்கிய கை எதுவும் சின்ன அடி கிடையாது. தோல் கிழியவில்லை, ரத்தம் வரவில்லை என்று ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்காதீர்கள். வலி நேரம் ஆக ஆகக் கூடினால், வீக்கம் கல்லாக இறுகினால், விரலை யாராவது நீட்டிவிட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால், மரத்துப்போனால், உள்ளே தசையில் அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் காலே போகலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பாதத்தின் நடுப்பகுதி மூட்டு விலகல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது அடிக்கடி நடக்கிறது. எடையை ஊன்றி நிற்கும்போது எடுக்கும் படத்தில்தான் சில நேரம் தெரியும். "எலும்பு உடையல" என்று அனுப்பிவிட்டாலும், நாலைந்து நாள் கழித்தும் ஊன்ற முடியவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். உடம்புக்கும் அதுதான் நல்லது, மனுவுக்கும் அதுதான் நல்லது. சிகிச்சையில் மூன்று வாரம் இடைவெளி விழுந்தால், "நடுவில் வேறு எங்கோ அடிபட்டிருக்கலாம்" என்று எதிர்த்தரப்பு சொல்ல அதுவே போதும்.

டாக்டரிடம் சொல்லும்போது நான்கு விவரம் வர வேண்டும்: வேலை நேரம், வேலை இடம், இயந்திரம், உடம்பில் எங்கே. "இன்று காலை 10.20க்கு, லோடிங் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் என் இடது பாதத்தில் ஏறியது." இவ்வளவுதான். சீட்டில் இது ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே வெளியே வாருங்கள். கழுத்து லேசாக வலித்தால் அதையும் சொல்லுங்கள். முதல் நாள் சொல்லாத வலியை மூன்றாம் மாதம் சொன்னால் நம்ப வைப்பது பெரும்பாடு.

ஒரு இளைஞரின் மனு எட்டு மாதம் இழுத்தடித்தது. காரணம், மருத்துவமனை கவுன்டரில் அவருக்காகப் பேசியவர் பதற்றத்தில் "கீழ விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டார். ரசீதிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிவரை எல்லாத் தாளிலும் அதே வார்த்தை நகலாகிப் போனது. இந்த மாதிரித் தவறு தெரிந்தால், அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லி, தேதியுடன் ஒரு கூடுதல் குறிப்பு சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எத்தனை சீக்கிரம் கேட்கிறீர்களோ அத்தனை மதிப்பு.

## 3. விபத்தை எழுத்தில் ஏற்றுவது

வாயால் சொன்னது சொன்னதாகவே ஆகாது. விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறியதை நீங்கள் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், தெரிந்தவரை வைத்துப் படித்த பிறகுதான் கையெழுத்து. "தொழிலாளியின் கவனக்குறைவால்" என்ற சொற்றொடர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். பல பதிவேடுகளில் அது பழக்கத்தால் வந்து உட்கார்ந்துவிடும். அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றால், கையெழுத்துக்கு மேலேயே "காரணம் பற்றிய பகுதியை நான் ஏற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பதிவேடு அவர்கள் கையில் இருக்கும். அதனால் உங்கள் தரப்பில் தனியாக ஒரு அறிவிப்பு போக வேண்டும். அரைப் பக்கம் போதும்: தேதி, நேரம், இடம், தூண் எண் அல்லது ரேக் எண், வண்டி எண், என்ன நடந்தது, எங்கே அடி, யார் பார்த்தார்கள். யார்மேல் தப்பு என்று அதில் எழுத வேண்டாம். அது பின்னால் வரும். மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பினால் அனுப்பிய தேதிக்கு ஆதாரம் கிடைக்கும்.

நிறுவனம் அரசுக்குத் தகவல் தர வேண்டிய கடமையும் பல நாடுகளில் உண்டு. மலேசியாவில் விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கு முதலாளி தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் மனிதவள அமைச்சுக்கு 10 நாள். பிரிட்டனில், அடிபட்டவர் தொடர்ந்து 7 நாளுக்கு மேல் வழக்கமான வேலை செய்ய முடியாமல் போனால் 15 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கை போனதா, அதன் எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். விபத்தே நடக்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்ல முடியாதபடி அது கட்டிப்போடும்.

## 4. வண்டியும் இடமும் மாறுவதற்கு முன்

எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு வண்டியைப் பற்றி எப்படி நினைப்பு வரும்? ஆனால் அந்த வண்டி அன்று மாலையே மறுபடி ஓடத் தொடங்கிவிடும். மறுநாள் மெக்கானிக் வந்து பிரேக்கைச் சரி செய்துவிடுவார். தரையில் இருந்த எண்ணெய் துடைக்கப்பட்டிருக்கும், உடைந்த பேலட் (பெட்டிகளை அடுக்கும் பலகைத் தட்டு) குப்பைக்குப் போயிருக்கும். நம்பிக்கையான ஒரு சக தொழிலாளியை அன்றே இதற்கு அனுப்புங்கள். கைபேசி கொண்டுபோக அனுமதியில்லாத இடமாக இருந்தால் தொழிற்சங்கம் அல்லது பாதுகாப்புக் குழு வழியாகப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

படம் எடுப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தூரத்திலிருந்து, தூண் எண்ணோ ரேக் எண்ணோ தெரிகிற மாதிரி. பிறகு நடுத்தூரம். பிறகு கிட்டத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலோ காலணியோ வைத்து. தூரப் படம் இல்லாத கிட்டப் படம் எந்தக் கிடங்கின் தரை என்றே சொல்லாது.

கிட்டத்தில் எடுக்க வேண்டியவை: வண்டியின் தகவல் தகடு. அதில் வரிசை எண்ணும், எத்தனை தூரத்தில் எத்தனை எடை தூக்கலாம் என்பதும் இருக்கும். சுமை மையம், அதாவது ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து சுமையின் நடுப்புள்ளிவரை உள்ள தூரம், பெரும்பாலும் 500 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். நீளமான பெட்டியைத் தூக்கும்போது எடை முன்னால் தள்ளிப் போவதால், தகட்டில் உள்ள முழு எடையைத் தூக்க முடியாது. வண்டி முன்பக்கம் கவிழ்ந்த விபத்தில் பாதி வழக்கு அந்தத் தகட்டிலேயே இருக்கிறது. பிறகு டயர், ஹாரன், ரிவர்ஸ் ஒலி, சுழல் விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட்டின் கொக்கி. சுமையைத் தாங்கும் இரும்புக் கரமான ஃபோர்க், செங்குத்திலிருந்து கிடையாக மடங்கும் முழங்கால் வளைவைத் தனியாக எடுங்கள். அதன் கனம் 10 சதவீதம் தேய்ந்திருந்தாலே கழற்றி மாற்ற வேண்டும் என்பது தொழிலில் எல்லோரும் கடைப்பிடிக்கும் வரம்பு.

தரையில் டயர்த் தடம் இருந்தால் அதை விடாதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்புகிற வண்டி. முன்பக்கம் நின்ற இடத்திலேயே இருக்க, பின்பக்கம் வீசிக்கொண்டு வெளியே வரும். பக்கத்தில் நின்றவரை அந்தப் பின்பக்கம்தான் அடிக்கும். காரை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரிவதில்லை. "அவர்தான் வண்டிக்குள் நடந்து போனார்" என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். வளைந்த தடத்தின் ஒரு படம் அந்த வாக்கியத்தை முறித்துப்போடும்.

சிசிடிவிப் பதிவு தானாக அழியும். சில இடங்களில் ஒரு மாதம், சில இடங்களில் ஒரு வாரம். ஆகவே "பதிவைத் தாருங்கள்" என்று கேட்பதற்கு முன்னால், "பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று எழுதுங்கள். தருவதா வேண்டாமா என்று அவர்கள் மாதக்கணக்கில் யோசிக்கலாம். பாதுகாக்கச் சொன்ன கடிதம் கிடைத்த பிறகு அழிந்தால் அது அவர்களுக்குத்தான் கேடு. கேமரா இருக்கும் இடம், தேதி, விபத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அரை மணி பின்புவரை என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

அதே கடிதத்தில் இவற்றையும் சேர்த்துவிடுங்கள்:

- வண்டியை ஓட்டும் முன் நிரப்பும் அன்றைய காலைச் சோதனைத் தாளும் அதற்கு முந்தைய ஒரு மாதத் தாள்களும்
- பராமரிப்புப் பதிவு, பழுது புகார்கள்
- அந்த ஆபரேட்டரின் பயிற்சிச் சான்று
- வண்டியில் ரகசிய எண் (PIN) போட்டு ஓட்டும் கருவியோ மோதல் உணரியோ இருந்தால் அதன் தரவு

முந்தைய ஒரு மாதத் தாள் எதற்கு என்று கேட்பார்கள். "பிரேக் தளர்வு" என்று மூன்று வாரமாக யாரோ எழுதி, யாரும் சரி செய்யாமல் விட்டிருந்தால் அது அங்கேதான் இருக்கும். முப்பது நாளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், எல்லாக் கட்டத்திலும் சரி என்று டிக் அடித்திருந்தால் அதுவும் ஒரு சாட்சியம்தான்.

## 5. சாட்சிகள்

இரண்டு நாளுக்குள் பேசுங்கள். ஒரு மாதம் போனால் மறதி வரும், அதைவிடப் பயம் வரும். நீங்கள் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். அவர் தன் சொந்த வார்த்தையில், பார்த்ததை மட்டும் எழுதட்டும். எல்லாச் சாட்சியும் ஒரே வாக்கியம் எழுதியிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

விபத்தைப் பார்க்காதவரும் உதவுவார். "அந்த வண்டி ஹாரன் ஒரு மாசமா அடிக்காது" என்று சொல்லக்கூடியவர் நேரில் பார்த்தவருக்குச் சமம். ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்களின் கைபேசி எண்ணை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் அவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது.

## 6. எந்த வழியில், யாரிடம்

இங்கே அவசரப்பட்டு எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். வழி இரண்டு இருக்கிறது. ஒன்றில் நுழைந்தால் இன்னொன்று மூடிக்கொள்ளும் நாடுகள் உண்டு.

முதல் வழி, யார்மேல் தப்பு என்று பார்க்காத இழப்பீடு. வேலையால் வந்த காயம் என்று காட்டினால் போதும். சீக்கிரம் முடியும், ஆனால் தொகைக்கு வரம்பு உண்டு. இரண்டாவது, முதலாளியின் அலட்சியத்தை நிரூபித்துக் கேட்கும் வழக்கு. வலிக்கும் எதிர்கால வருமான இழப்புக்கும் சேர்த்துக் கேட்கலாம், ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில்.

சிங்கப்பூரில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மலேசியாவில் சொக்சோ பாதுகாப்பில் இருப்பவர் அதே காயத்துக்காக முதலாளிமேல் வழக்குப் போட முடியாது. இந்தியாவில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பாதுகாப்பு உள்ளவர், முதலாளி தர வேண்டிய ஊழியர் இழப்பீட்டைத் தனியாகக் கேட்க முடியாது. ஈ.எஸ்.ஐ. வழியாகவே போக வேண்டும். வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஈ.எஸ்.ஐ.யில் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. இது தெரியாமல் "நான் புதுசு" என்று ஒதுங்கியவர்கள் பலர். பிரிட்டனில் வழக்கு வழிதான் பிரதானம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளிகள் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பதால் பணம் அந்தக் காப்பீட்டிலிருந்து வரும். அமெரிக்காவில் தொழிலாளர் இழப்பீடு வாங்குபவர் பொதுவாக முதலாளியை வழக்குக்கு இழுக்க முடியாது.

ஆனால் மூன்றாம் ஆள்மேல் வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் விபத்தில் மூன்றாம் ஆள் யாராவது இருப்பது அபூர்வமும் இல்லை. வண்டியை வாடகைக்குக் கொடுத்து, பராமரிப்பையும் தானே பார்க்கும் நிறுவனம், வேறொரு ஒப்பந்தக்காரரின் ஆபரேட்டர், கோளாறான பாகம் செய்த தயாரிப்பாளர், பெட்டியைத் தவறாக அடுக்கி அனுப்பிய லாரிக்காரர் என்று யாராகவும் இருக்கலாம். வண்டியின் பக்கவாட்டில் யார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று படத்தில் பாருங்கள். பல நேரம் அது உங்கள் நிறுவனமாக இருக்காது.

ஒப்பந்தத் தொழிலாளியிடம் எல்லோரும் கையை விரிப்பார்கள். கான்ட்ராக்டர் "கம்பெனியைக் கேள்" என்பார், கம்பெனி "கான்ட்ராக்டரைக் கேள்" என்னும். இரண்டு பேருக்கும் அறிவிப்பு அனுப்புங்கள். இந்தியச் சட்டத்தில் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரும் முதன்மை முதலாளியிடம் இழப்பீடு கோரலாம். அவர்களுக்குள் யார் யாருக்குத் தருவது என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கட்டத்தில் ஒரு வழக்கறிஞரையோ தொழிற்சங்க ஆளையோ பாருங்கள். முன்பே சொன்ன தாள்களோடு போனால் அரை மணியில் வேலை முடியும். கட்டணம் எப்படி, தோற்றால் யார் எதைக் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## 7. கெடு

கெடு தவறினால் எத்தனை நியாயம் இருந்தும் கதவு திறக்காது. சிங்கப்பூரில் இழப்பீட்டு மனு 1 ஆண்டுக்குள், அலட்சிய வழக்கு 3 ஆண்டுக்குள். இந்தியாவில் ஊழியர் இழப்பீட்டுக்கு 2 ஆண்டு. பிரிட்டனில் வழக்குக்கு 3 ஆண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சில இடங்களில் முதலாளிக்குச் சொல்வதற்கே சில வாரம்தான் கொடுப்பார்கள்.

நான் பார்த்ததில் கெடு தவறியவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. "நாங்க பார்த்துக்கறோம், மனு எதுக்கு?" என்று நிறுவனம் மருத்துவச் செலவைக் கொடுத்துக்கொண்டே வந்தது. அந்த நல்லெண்ணத்தை நம்பிக் காத்திருந்தார்கள். செலவு கொடுப்பது கெடுவை நிறுத்திவைக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், மனுவையும் போடுங்கள். வெளிநாட்டில் வேலை செய்பவர் பெர்மிட் முடிந்து ஊர் திரும்பினாலும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். கிளம்பும் முன் மனுவைப் பதிந்துவிட்டு, எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

## 8. கணக்குப் போடுவது

மருத்துவச் செலவையும் லீவு நாள் சம்பளத்தையும் எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது இவை: ஓவர்டைம், ஷிஃப்ட் படி, ஒவ்வொரு தடவை மருத்துவமனைக்குப் போய்வந்த வண்டிக் கூலி, ஊன்றுகோல், கட்டுத் துணி, உங்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் இருந்தவரின் சம்பளம். இதில் எதைக் கேட்கலாம் என்பது நீங்கள் போகும் வழியைப் பொறுத்தது. ஆனால் ரசீது எல்லாவற்றுக்கும் வேண்டும்.

ஓவர்டைமைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் சராசரி மாதச் சம்பளக் கணக்கில் ஓவர்டைமும் சேரும். கிடங்கு வேலையில் ஓவர்டைம் இல்லாத சம்பளம் பாதிச் சம்பளம் மாதிரி. நிறுவனம் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் போட்டுப் படிவம் அனுப்பியிருந்தால், உங்களுக்கு வர வேண்டிய தொகையே குறையும். அதனால்தான் முதல் பகுதியில் 12 மாதச் சீட்டு கேட்டேன்.

தினமும் இரண்டு வரி எழுதி வையுங்கள். "இன்று மாடிப்படி ஏற முடியவில்லை", "இரவு மூன்று மணிக்கு வலியில் விழிப்பு". பதினான்கு மாதம் கழித்து யாராவது கேட்கும்போது நினைவிலிருந்து சொல்வதைவிட அந்த நோட்டு பேசும்.

## 9. ஊன மதிப்பீடு: அவசரம் வேண்டாம்

நிரந்தர ஊனத்துக்கான தொகை, டாக்டர் போடும் சதவீதத்தில் தொங்குகிறது. இனி பெரிதாகத் தேறாது, மோசமாகவும் ஆகாது என்ற நிலை வருவதற்கு முன் மதிப்பீட்டுக்குப் போனால், நாளை வரப்போகும் மூட்டு இறுக்கமோ இரண்டாவது அறுவை சிகிச்சையோ கணக்கில் வராது.

உடல் ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. 1975இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், தச்சர் ஒருவரின் இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டிருந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், அவர் சம்பாதிக்கும் திறனை முழுதாக இழந்துவிட்டார் என்று நீதிமன்றம் ஏற்றது. ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டருக்கும் இதே கேள்வி வரும். வலது கணுக்கால் மடங்காவிட்டால் பிரேக் பெடலை அழுத்த முடியாது. காகிதத்தில் அது சின்னச் சதவீதமாக இருக்கலாம். மதிப்பிடும் டாக்டரிடம், நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், அதற்குக் கால், முதுகு, கழுத்து எப்படியெல்லாம் தேவை என்று சொல்லுங்கள். ரிவர்ஸ் எடுக்க ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை கழுத்தைத் திருப்புகிறோம் என்பது ஓட்டாதவருக்குத் தெரியாது.

மதிப்பீடு குறைவாகத் தெரிந்தால் ஆட்சேபிக்க நாள் குறைவு. சிங்கப்பூரில் மதிப்பீட்டு அறிவிப்புக்கு 14 நாளுக்குள் ஆட்சேபம் போட வேண்டும். கடிதம் வந்த உறையைக்கூடத் தூக்கி எறியாதீர்கள், தேதி அதில்தான் இருக்கும்.

## 10. "தப்பு உன்மேல்தான்" என்று சொன்னால்

சொல்வார்கள். தயாராக இருங்கள்.

தப்பு பார்க்காத இழப்பீட்டில் இந்தப் பேச்சுக்கு அதிக எடை கிடையாது. இந்தியச் சட்டத்தில் போதை, வேண்டுமென்றே விதியை மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றுதல் ஆகியவைதான் மறுப்புக்குக் காரணமாகும். சாவோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அவையும் தடையாகா. வழக்கு வழியில், உங்கள் பங்குத் தப்புக்கு ஏற்ற சதவீதத்தைக் கழிப்பார்கள். அதுவும் முழு மறுப்பு இல்லை.

நடந்து போனவர்மேல் மோதிய வழக்கில் வழக்கமாக வரும் பேச்சு, "பாதசாரி ஏன் அங்கே நின்றார்?" திருப்பிக் கேட்க வேண்டியது: நடைபாதைக்குக் கோடு போட்டிருந்ததா? அதில் பேலட் அடுக்கி வைத்திருந்தார்களா? சுமை ஆபரேட்டரின் பார்வையை மறைத்ததா? மறைத்தால் பின்பக்கம் பார்த்து ஓட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மற்ற நாடுகளின் பயிற்சிகளிலும் அதைச் சொல்லித்தான் தருகிறார்கள்.

வண்டி கவிழ்ந்து ஆபரேட்டர் அடிபட்டால், "ஏன் குதித்தாய்?" என்பார்கள். குதிக்கக் கூடாது என்பது உண்மை. கவிழும் வண்டியில் பெல்ட்டோடு சீட்டில் ஒட்டி, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, விழும் திசைக்கு எதிரே சாய வேண்டும். குதித்தவர்மேல்தான் ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் இரும்பு மேல்கூண்டு விழும். ஆனால் இதை யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களா? எப்போது? தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா? அமெரிக்க விதிப்படி ஆபரேட்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி மதிப்பிட வேண்டும். பயிற்சித் தாள் இல்லாத நிறுவனம் "ஏன் குதித்தாய்" என்று கேட்டால், அந்தக் கேள்வி அவர்களையே திருப்பிக் கேட்கும்.

சூப்பர்வைசர் சொல்லித்தான் ஃபோர்க்கின்மேல் ஏறி நின்றேன், உயரத்திலிருந்து பெட்டி எடுத்தேன் என்று சொல்பவர்கள் நிறைய. ஆள் ஏற்றுவதற்கென்று செய்த கூண்டு இல்லாமல் ஏற்றவே கூடாது. அங்கே அது தினமும் நடக்கும் பழக்கம் என்று காட்டினால் பழி உங்கள்மேல் மட்டும் நிற்காது. பழைய வாட்ஸ்அப் குழுவில் அப்படி யாராவது ஏறி நிற்கும் படம் கிடக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் கிடக்கும்.

## 11. கடைசிக் கையெழுத்து

பணம் தருகிறோம் என்று வரும் தாளில் "முழுமையான, இறுதியான" என்ற சொல் இருந்தால் அங்கே நில்லுங்கள். அதில் கையெழுத்துப் போட்டால், அடுத்த வருடம் காலில் போட்ட பிளேட்டை எடுக்கும் செலவும் உங்களுடையதாகும். வேலையை விடுவதாக ஒரு வரியை உள்ளே நுழைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இழப்பீடு வேறு, ராஜினாமா வேறு. இரண்டையும் ஒரே தாளில் முடிப்பதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டியதில்லை.

மருத்துவமனைப் படுக்கையில் கொண்டுவந்து நீட்டும் வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். "பில் கட்டணும், அதுக்குத்தான்" என்பார்கள். பில்லில் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் வேண்டாம். வலி மருந்து மயக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால் உடன் இருப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

தொகை ஒப்புக்கொண்டால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்: இதுவரைச் செலவு, சம்பள இழப்பு, ஊனம், எதிர்காலச் சிகிச்சை. பணம் வரும் தேதியும் அதில் இருக்கட்டும். வங்கிக் கணக்கில், உங்கள் பெயரில், உங்களுக்கு நேராக வர வேண்டும். வந்த பிறகு, கையெழுத்தான தாளின் நகலையும் எக்ஸ்ரேக்களையும் அதே ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த வேலைக்கு உடல் தகுதிச் சோதனை எடுக்கும்போது பழைய காயத்தைப் பற்றிக் கேட்பார்கள், அப்போது அந்த ஃபைல் தேவைப்படும்.